லினக்ஸ் போட்டதும் திரை கறுத்துப்போனால்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதை ஒட்டி காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாமல் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸின் வகைகளான மின்ட்டோ உபுண்டுவோ போட்டுப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்களிடமிருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணே, இன்ஸ்டால் நல்லாத்தான் ஆச்சு. ரீஸ்டார்ட் பண்ணினா ஸ்கிரீன் கறுப்பா நிக்குது. அழிச்சிட்டு மறுபடி போட்டுறவா?"

போடாதீர்கள். திரையில் படம் வரவில்லை என்பது வேறு, சிஸ்டம் ஏறவில்லை என்பது வேறு. பத்தில் ஒன்பது முறை என்று அளந்து சொல்ல மாட்டேன், ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் லினக்ஸ் உள்ளே நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் வழியில் ஏதோ ஓர் இடத்தில் மட்டும் அடைப்பு. மறுபடி இன்ஸ்டால் செய்தால் அதே டிரைவர்தான் (கார்டை இயக்கும் மென்பொருள்) மறுபடி உட்காரும், அதே கறுப்புத் திரைதான் வரும். அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் திரையில் வரும் சொற்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். எழுத்துப் பிசகினால் வேலை நடக்காத இடங்களில் எழுத்தெழுத்தாகவே சொல்கிறேன். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.

எந்த இடத்தில் நிற்கிறது?

பவர் பட்டனை அழுத்திவிட்டுத் திரையையே பாருங்கள். கம்பெனியின் சின்னம்கூட வரவில்லை என்றால் லினக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சின்னத்தைக் காட்டுவது மதர்போர்டில் உள்ள மென்பொருள். கேபிள், மானிட்டர், ரேம் என்று வன்பொருள் பக்கம் தேட வேண்டும்.

சின்னம் வந்து, சில நொடி கழித்துக் கறுத்துப்போனால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலும் கிராபிக்ஸ் டிரைவரும் ஒத்துப்போகவில்லை. பாஸ்வேர்டு கேட்கும் இடம்வரை வந்து, போட்டதும் கறுத்துப்போனாலோ, திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டே கேட்டாலோ, அது டெஸ்க்டாப் ஏறும் கட்டத்துக் கோளாறு. டெஸ்க்டாப் வந்துவிட்டது, ஆனால் எழுத்து பெரிதாக, படம் இழுத்துவிட்டது போல, சன்னலை நகர்த்தினால் இழுபறியாக இருக்கிறது என்றால் சரியான டிரைவர் இல்லாமல் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த நான்கில் உங்களுடையது எது என்று நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.

முதலில் கேபிள்

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீடு. மகன் குடும்பம் சிங்கப்பூரில். பேரப்பிள்ளைகளை வீடியோவில் பார்ப்பதற்காகவே முகப்பில் ஒரு டெஸ்க்டாப் வைத்திருந்தார்கள். உறவுக்காரப் பையன், கல்லூரி மாணவன், அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். படம் வரவில்லை. மூன்று முறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்திருக்கிறான். நான் போனபோது ஆச்சி, "தம்பி, பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்றான். நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்கள்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு இடத்தில் படத்துக்கான சாக்கெட் இருந்தது. மேலே யூஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டுடையது. அதற்குக் கீழே படுக்கைவாட்டில், தனித் தகட்டில் இருப்பது தனி கிராபிக்ஸ் கார்டுடையது. பெட்டியை இடம் மாற்றி வைத்தபோது கேபிளை மேல் சாக்கெட்டில் சொருகிவிட்டார்கள். தனி கார்டு உள்ள பெட்டிகளில் மதர்போர்டு சாக்கெட் பெரும்பாலும் செயலற்றே இருக்கும். கேபிளைக் கீழே மாற்றிச் சொருகினேன், படம் வந்தது. அந்தப் பையன் முகம் வாடியதைப் பார்த்து எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. யாரும் அவனுக்குச் சொல்லித் தராத ஒரு விஷயம் அது.

ஆகவே தனி கார்டு இருந்தால் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். மானிட்டரின் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகியிருக்க வேண்டும். நீலத் தலை வைத்த பழைய விஜிஏ கேபிள் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். மானிட்டர் தன் பெயரையும் தனக்கு ஒத்துவரும் அளவுகளையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு சிறு குறிப்பு உண்டு, அதை இடிஐடி என்பார்கள். விஜிஏவின் 15 ஊசிகளில் 12-ஆவதும் 15-ஆவதும்தான் அந்தச் செய்தியைச் சுமப்பவை. மலிவான கேபிள்களில் அவை இல்லாமலோ வளைந்தோ இருந்தால் படம் வரும், சரியான அளவு வராது. முடிந்தால் எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறுங்கள்.

லேப்டாப்காரர்களுக்கு ஒரு சோதனை. விளக்கை அணைத்துவிட்டு, போனின் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக டெஸ்க்டாப் தெரிந்தால் படம் வந்துவிட்டது, பின்னொளி மட்டும்தான் எரியவில்லை. முதலில் எஃப்என் கீயோடு வெளிச்சம் கூட்டும் கீயை அழுத்திப் பாருங்கள்.

உள்ளே உயிர் இருக்கிறதா?

கறுத்த திரையில் கேப்ஸ்லாக் கீயைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் சிஸ்டம் விழித்திருக்கிறது. அடுத்து கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3-ஐ அழுத்துங்கள். லேப்டாப்பில் எஃப்என் கீயும் சேர வேண்டியிருக்கலாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக லாகின் என்று கேட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இது எழுத்து மட்டும் வரும் முனையம். பயனர் பெயர், பிறகு பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போகலாம். பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது, பயப்பட வேண்டாம். டெஸ்க்டாப்புக்குத் திரும்ப மின்ட்டில் கண்ட்ரோல் ஆல்ட் எஃப்7. உபுண்டுவில் எஃப்1 அல்லது எஃப்2.

தற்காலிகமாகப் படம் வரவழைப்பது

எழுத்து முனையமும் வரவில்லை என்றால் இந்த வழி. 2009-லிருந்து லினக்ஸ் கர்னல் ஏறத் தொடங்கும்போதே திரையின் அளவையும் கிராபிக்ஸ் கார்டையும் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும் முறை வந்தது. அந்தக் கைமாற்றம் நடக்கும் நொடியில்தான் பல கார்டுகளில் திரை கறுக்கிறது. கைமாற்றமே வேண்டாம், மதர்போர்டு கொடுத்த சாதாரணப் படத்தோடு ஏறு என்று சொல்வதற்கு ஒரு சொல் உண்டு: நோமோட்செட்.

கம்ப்யூட்டரை ஆன் செய்து, கம்பெனிச் சின்னம் வந்ததும் எஸ்கேப் கீயை ஒரே ஒருமுறை தட்டுங்கள். பயாஸ் என்ற பழைய வகை மதர்போர்டு மென்பொருள் உள்ள கம்ப்யூட்டர் என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி இருங்கள். எதில் ஏறுவது என்று கேட்கும் கிரப் என்ற பட்டியல் வரும். விண்டோஸையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இது தானாகவே வரும். எஸ்கேப்பைப் படபடவென்று பலமுறை தட்டினால் பட்டியலைத் தாண்டி ஒரு வெற்றுக் குறியில் போய் நிற்கும். அப்படி ஆனால் ஆஃப் செய்து மறுபடி தொடங்குங்கள்.

பட்டியலின் முதல் வரியில் நின்று இ கீயைத் தட்டுங்கள். பத்துப் பதினைந்து வரி வரும். அதில் லினக்ஸ் என்ற சொல்லோடு தொடங்கும் வரியைத் தேடுங்கள். அது நீளமான வரி, மடிந்து அடுத்த வரிக்கும் போயிருக்கும். முடிவில் குவயட் ஸ்ப்ளாஷ் என்ற இரு சொற்கள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு இந்த ஒன்பது எழுத்தைச் சேர்த்துத் தட்டுங்கள்: என், ஓ, எம், ஓ, டி, இ, எஸ், இ, டி. நான்காவது எழுத்துக்கு அடுத்து வரும் டி டெல்லிக்கு வருவது, கடைசியில் வரும் டி தமிழுக்கு வருவது. வேறு எதையும் தொடாதீர்கள். எஃப்10 அழுத்தினால் ஏறத் தொடங்கும்.

படம் வரும், ஆனால் சொரசொரப்பாக, மெதுவாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். இந்த மாற்றம் இந்த ஒரு முறைக்கு மட்டும்தான். ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். இதைக் கிரப் கோப்பில் நிரந்தரமாக எழுதிவிடுங்கள் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தச் சொல் இருக்கும்வரை இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் வேலையே தொடங்கா. நொண்டிக்குக் கொடுத்த ஊன்றுகோலைக் கால் ஆறிய பிறகும் கட்டிவைத்தது போல ஆகிவிடும்.

இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவே கறுத்துப்போகிறது என்றால் அதன் தொடக்கப் பட்டியலிலேயே மின்ட்டில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்றும், உபுண்டுவில் சேஃப் கிராபிக்ஸ் என்றும் ஒரு வரி உண்டு. அது செய்வதும் இதே வேலைதான்.

உங்கள் கார்டு எது?

கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்தைச் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடு, அதை ஒட்டி கே தட்டி என்டர் கொடுங்கள். பெரிய பட்டியல் வரும். விஜிஏ என்ற சொல் உள்ள வரியைத் தேடுங்கள். அதில் இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். சில லேப்டாப்களில் இரண்டு கார்டு உண்டு. இரண்டாவது 3டி கண்ட்ரோலர் என்ற பெயரில் தள்ளிக் கிடக்கும். அந்த வரிக்குக் கீழே கர்னல் டிரைவர் இன் யூஸ் என்று ஒரு வரி இருந்தால் டிரைவர் வேலை செய்கிறது. நீங்கள் நோமோட்செட்டோடு ஏறியிருந்தால் அந்த வரி இல்லாமல் இருக்கலாம். அதைப் பார்த்து டிரைவரே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இன்டெல், ஏஎம்டி என்றால் தனியாக டிரைவர் தேடி இறக்க வேண்டிய தேவையில்லை. அவை கர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கார்டு புதிது, கர்னல் பழையது என்பதுதான் அங்கே வழக்கமான சிக்கல். முழு அப்டேட் செய்யுங்கள். மின்ட்டில் அப்டேட் மேனேஜரின் வியூ மெனுவில் லினக்ஸ் கர்னல்ஸ் என்ற இடத்தில் புதிய கர்னலைத் தேர்ந்துகொள்ளலாம். அப்டேட்டுக்குப் பிறகுதான் திரை கறுத்தது என்றால் எதிர்த்திசை: கிரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே போய்ப் பழைய கர்னலில் ஏறிப் பாருங்கள்.

என்விடியா சற்று நின்று பேச வேண்டிய விஷயம். லினக்ஸோடு வருவது நூவோ என்ற திறந்தமூல டிரைவர். தன்னார்வலர்கள் கார்டின் நடத்தையைப் பார்த்துப் பார்த்து எழுதிச் சேர்த்தது. பழைய கார்டுகளுக்குப் பெரும்பாலும் போதும். புதியவற்றில் தடுமாறும். அப்போது என்விடியா தரும் டிரைவரைப் போட வேண்டும். அதை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் போடாதீர்கள். அடுத்த கர்னல் அப்டேட்டில் அது உடைந்து நிற்கும். மின்ட்டில் டிரைவர் மேனேஜர், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் என்று உள்ளேயே கருவி இருக்கிறது. அதில் ரெகமண்டட் என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயரின் முடிவில் ஓப்பன் என்று இருப்பவையும் பட்டியலில் வரும். அவை 2018-இல் வெளிவந்த டூரிங் தலைமுறையிலிருந்து மேலே உள்ள கார்டுகளுக்கு மட்டும்தான். அதற்கு முந்தைய கார்டில் அதைப் போட்டால் டிரைவர் கார்டையே அடையாளம் காணாது.

எழுத்து முனையத்தில் இருந்தபடியே போட வேண்டுமானால்: சுடோ (எஸ், யு, டி, ஓ), இடைவெளி, உபுண்டு, சிறுகோடு, டிரைவர்ஸ், இடைவெளி, இன்ஸ்டால். சிறுகோட்டின் இருபுறமும் இடைவெளி கூடாது. மின்ட்டிலும் இதே கட்டளைதான்.

இந்த இடத்தில் நம்ம ஊர் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகப்பில் வைஃபை பெட்டி இருக்கும், கம்ப்யூட்டர் இரண்டாங்கட்டில் இருக்கும். நடுவில் வளவும் அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவரும். போனுக்கு ஒரு கோடு சிக்னல் கிடைக்கும், அவ்வளவுதான். என்விடியா டிரைவர் பெரிய கோப்பு. பாதியில் அறுந்து, ஆத்திரத்தில் கம்ப்யூட்டரை ஆஃப் செய்தால் அரைகுறையாக உட்கார்ந்துவிடும். போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, போனின் இணையத்தைக் கம்ப்யூட்டருக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்துவிட்டு இறக்குங்கள். அல்லது பெட்டியையே முகப்புக்குத் தூக்கி வந்துவிடுங்கள்.

அந்த நீலத் திரை

கையெழுத்தில்லாத மென்பொருளை ஓடவிடாத செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆன் செய்திருக்கும் கம்ப்யூட்டரில் என்விடியா டிரைவர் போடும்போது ஒரு புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். இது உங்கள் லாகின் பாஸ்வேர்டு அல்ல, ஒருமுறைக்கு மட்டும் பயன்படுவது. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரையில் ஏதாவது ஒரு கீயைத் தட்டு என்று 10 நொடி காத்திருக்கும். பலரும் இங்கேதான் தவறவிடுகிறார்கள். வைரஸ் என்று பயந்து ஆஃப் செய்தவர்களும் உண்டு. கீயைத் தட்டி, என்ரோல் மோக், பிறகு கண்டினியூ, பிறகு யெஸ், பிறகு அந்தப் பாஸ்வேர்டு, கடைசியில் ரீபூட். இதன் பொருள் இவ்வளவுதான்: இந்த டிரைவருக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன், ஓட விடு என்று மதர்போர்டுக்கு நீங்கள் சொல்கிறீர்கள். சொல்லாவிட்டால் டிரைவர் உள்ளே இருந்தும் ஓடாது. தவறவிட்டால் டிரைவரை நீக்கி மறுபடி போட்டுப் பாருங்கள், அல்லது மதர்போர்டு மென்பொருளின் அமைப்பில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்யுங்கள்.

பாஸ்வேர்டிலேயே சுற்றினால்

சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் திரும்ப லாகின் திரையே வந்தால் கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3-க்குப் போய் முதலில் டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பாருங்கள். டி, எஃப், இடைவெளி, சிறுகோடு, எச். ஒற்றைச் சாய்கோடு மட்டும் உள்ள வரியில் 100 சதவீதம் என்றால் அதுதான் காரணம். டிஸ்க்கில் இடமிருந்தால், உங்கள் வீட்டுக் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் எக்ஸ்ஆதாரிட்டி என்ற மறைவான கோப்பை அழித்துவிட்டு மறுபடி நுழைந்து பாருங்கள். அதன் பெயரில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. அடுத்த முறை நுழையும்போது தானாகப் புதிதாக உருவாகிக்கொள்ளும். உபுண்டுவின் சில பதிப்புகளில் லாகின் திரையின் கீழ்மூலையில் ஒரு பல்சக்கரம் இருக்கும். அதில் படம் காட்டும் முறையாக வேலண்டுக்குப் பதிலாக எக்ஸார்க் என்பதைத் தேர்ந்தாலும் சில கார்டுகளில் வழி பிறக்கும்.

சதுரக் கல் நீளமாகத் தெரிந்தது

ஆத்தங்குடியில் கல் செய்யும் பட்டறை ஒன்று. கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சிமென்டை ஊற்றி, பூ வரைந்து எடுக்கிற அதே கல். வாடிக்கையாளருக்கு டிசைன் காட்ட லினக்ஸ் போட்டு ஒரு மானிட்டர் வைத்திருந்தார்கள். பட்டறைக்கார அண்ணன் சொன்னார்: "தம்பி, சதுரக் கல்லு எல்லாம் செங்கல் மாதிரி நீளமா தெரியுது. வந்தவுக இது எந்த அளவுன்னு கேக்குறாக."

திரை 1920-க்கு 1080. கம்ப்யூட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது 1024-க்கு 768. நாலுக்கு மூன்று என்ற விகிதப் படத்தைப் பதினாறுக்கு ஒன்பது திரையில் இழுத்து நிரப்பினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பூவின் வட்ட இதழ் முட்டை போல ஆகியிருந்தது. டிஸ்ப்ளே அமைப்பில் வேறு அளவே காட்டவில்லை. சிஸ்டம் விவரத்தில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள்: கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, அதன் வேலையையும் சிபியுதான் சுமக்கிறது. தேடிப் பார்த்ததில், யாரோ கிரப்பில் நோமோட்செட்டை நிரந்தரமாக எழுதிவைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, சுடோ, இடைவெளி, அப்டேட், சிறுகோடு, கிரப் என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். கல் சதுரமானது. அண்ணன் ஒரு கல்லைக் கையில் எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. உங்கள் திரையிலும் ஒரு வட்டத்தை வரைந்து, ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்.

எல்இடி டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்களுக்கு ஓரம் நாலு பக்கமும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் கோளாறு டிவியில்தான். அதன் படஅமைப்பில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் போன்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும். லினக்ஸ் பக்கம் எதையும் மாற்ற வேண்டாம்.

படம் சரியான அன்றைக்கே

மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. படம் நன்றாக வந்த அந்த நிமிடமே அதைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தின் அப்போதைய நகல், எடுத்துவிடுங்கள். பிறகு என்றைக்காவது ஓர் அப்டேட்டில் திரை கறுத்தால் எழுத்து முனையத்தில் சுடோ, இடைவெளி, டைம்ஷிஃப்ட், இடைவெளி, இரண்டு சிறுகோடு, அதை ஒட்டி ரெஸ்டோர் என்று கொடுத்து நல்ல நிலைக்குத் திரும்பிவிடலாம். உங்கள் போட்டோ, ஆவணங்களை அது சாதாரணமாகச் சேமிப்பதில்லை. அவற்றை வேறு டிஸ்க்கில் வையுங்கள்.

இத்தனைக்கும் வழி பிறக்காமல் யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் "ஸ்கிரீன் வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அந்த விஜிஏ வரியும் அதற்குக் கீழே உள்ள வரிகளும், கடைசியாக என்ன மாற்றினீர்கள், இந்த மூன்றும் வேண்டும். திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ரீஸ்டார்ட் செய்து, நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தால் அந்த மூன்றும் உங்கள் கையிலேயே இருக்கும்.